மூன்றாம் நம்பருக்கு என் ஓட்டு

மார்ச் 4

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

மருமகன் எழுதுவது. இங்கே நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாலு மாடிப் படியை ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கட்டும். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ஓட்டியவருக்கு லிஃப்ட் இல்லாத வீடு வாய்த்ததை நினைத்தால் எனக்கே ஆறவில்லை.

ஓர் உதவி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பத்திரிகை ஒவ்வொரு டிசம்பர் இதழிலும் ‘ஆண்டின் சிறந்த கைபேசி’ என்று ஒன்றை அறிவிப்பது உங்களுக்குத் தெரியும். நடுவர்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஐந்து பேருமே போனைப் பிரித்துப் போட்டு உள்ளே பார்க்கிற ஆட்கள். “நீங்களே பரீட்சை வைத்து, நீங்களே எழுதி, நீங்களே மார்க் போட்டுக்கொள்கிறீர்கள்” என்று போன வருடம் வாசகர்கள் திட்டித் தீர்த்துவிட்டார்கள். அதனால் இந்த முறை ஆறாவதாக ஒருவர். போனைப் பற்றி ஒன்றும் தெரியாதவராக இருக்க வேண்டும். ஆனால் பார்த்ததையும் கேட்டதையும் மறக்காதவராக இருக்க வேண்டும். அப்படி ஒரு ஆளுக்கு எங்கே போவது என்று ஆசிரியர் கேட்டார். எட்டு மாடிக் கட்டடத்தில் யார் எந்த மாடியில் என்றைக்கு இறங்கினார் என்று இன்றைக்கும் சொல்கிற ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார் என்றேன்.

நாலு போன் ஒவ்வொன்றாக வரும். கம்பெனிப் பெயரை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டி நம்பர் போட்டிருக்கும். நம்பர் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. உங்கள் கருத்தைத் தாளில்தான் எழுதி அனுப்ப வேண்டும். போன் வழியாக அனுப்பினால் போன்காரர்கள் ஒட்டுக்கேட்பார்கள் என்று ஆசிரியருக்கு பயம். கீழே உங்கள் கைரேகை வேண்டும். முக்கியமாக, எழுதித் தருகிறவர் நீங்கள் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். ஒரு வார்த்தை கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

உங்கள் மகள் நலம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
மருமகன்

*

மார்ச் 23

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். முழங்கால் அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு ஏறுகிறேன். நீங்களும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

இதை எழுதுவது கீழ்த்தளத்துத் தையற்காரம்மா. உங்கள் கடிதத்தைப் படித்துச் சொன்னதும் அவர்தான். ‘சொன்னதைச் சொன்னபடி’ என்று வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஒரு தடவை படித்தார். எடுத்த அளவுக்கு மேல் அரை விரல் விடாத கை. கவலை வேண்டாம்.

ஒன்றாம் நம்பர் வந்து சேர்ந்தது. கனம். சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கமாக இழுக்கிறது. தோள் இறங்கிப்போனவன் மாதிரி நடக்கிறேன். முகத்தைக் காட்டினால் திறந்துகொள்ளும் என்று எதிர்வீட்டு நர்ஸ் என் முகத்தை அதில் பதிந்து கொடுத்தார். அப்போது பல்செட் போட்டிருந்தேன். மறுநாள் காலையில் பல்செட் இல்லாமல் காட்டினேன். யாரோ என்று சொல்லிவிட்டது. மாப்பிள்ளை, எங்கள் கட்டடத்தில் முந்நூறு பேர் வேலை பார்த்தார்கள். மூன்றாம் மாடிப் படம் வரைகிறவர் பதினெட்டு வருடம் வைத்திருந்த மீசையை ஒரு திங்கட்கிழமை எடுத்துவிட்டு வந்தார். அவர் பக்கத்து மேஜைக்காரரே “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டாராம். நான் அவர் செருப்புச் சத்தத்தைக் கேட்டே மூன்றை அழுத்திவிட்டேன். பல்லை எடுத்தால் ஆளைத் தெரியாத போனுக்கு முகம் பார்க்கிற வேலை எதற்கு?

பேட்டரி இரண்டு நாள் நிற்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பேச்சுதான் தகர டப்பாவுக்குள் இருந்து வருகிறது. பாப்பாவுக்குப் போட்டுப் பார்த்தேன். “நல்லா இருக்கேன்பா, வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்” என்றாள். கூப்பிடவில்லை. அது போனின் குறை இல்லை.

பாப்பாவை நான் கேட்டதாகச் சொல்லவும்.

அம்மா, இதை எழுதாதீங்க. கடுதாசி உறை மேலயும் சரி, பார்சல் மேலயும் சரி, இருக்கிறது பாப்பா எழுத்து இல்ல. எனக்குப் படிக்கத்தான் தெரியாது, அவ எழுத்து தெரியும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமா அந்த வீட்டுலேர்ந்து எது வந்தாலும் விலாசம் அவ எழுதினதுதான். கொடியில காயப்போட்ட துணி மாதிரி வரிசையா, லேசா வலப்பக்கம் சாஞ்சு நிக்கும். இது கோழி கிளறின மாதிரி இருக்கு. மாப்பிள்ளை எழுத்து. பாப்பா அந்த வீட்ல இல்லைன்னு தோணுது. எங்க இருக்கான்னு கேட்கலாம். கேட்டா மாப்பிள்ளை மேல சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும். வேணாம், விடுங்க. மை டப்பாவை இப்படித் தள்ளுங்க, ரேகை வச்சுடறேன்.

(சொன்னதைச் சொன்னபடி என்பது விதி. அதனால் எழுதிவிட்டேன். எழுதியது அவருக்குத் தெரியாது. – தையற்காரி)

*

ஏப்ரல் 10

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

நலம். உங்கள் நலத்தையே எதிர்பார்க்கிறேன்.

பல்செட் விஷயத்தை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் தம் அப்பாவின் முகத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தார். நீங்கள் சொன்னது சரி. ஒன்றாம் நம்பருக்கு அங்கேயே இரண்டு மார்க் போயிற்று.

இத்துடன் இரண்டாம் நம்பர். இது பேசும், நீங்கள் பேசினால் கேட்கும், நடந்தால் எண்ணும்.

இன்னொரு சின்ன விஷயம். இனிமேல் எங்கள் அலுவலகத்திலிருந்து போகும் உறை, பார்சல் எல்லாவற்றிலும் விலாசத்தை அச்சடித்து ஒட்டுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். இதிலும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறது.

உங்கள் மகள் நலம். முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொள்ளுங்கள்.

மருமகன்

*

மே 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசீர்வாதம். நான் நலம். உங்கள் இருவர் நலமும் வேண்டுகிறேன். தைலம் தடவுகிறேன். வாசனை மட்டும் நன்றாக இருக்கிறது.

இரண்டாம் நம்பர் லேசு. கையில் இருப்பதே தெரியவில்லை. இரண்டு தடவை தலையணைக்கு அடியில் விட்டுவிட்டுத் தெருவெல்லாம் தேடினேன். பேச்சும் ஒன்றாம் நம்பரைவிடத் தேவலை.

ஆனால் எண்ணத் தெரியவில்லை. தரையிலிருந்து என் வாசலுக்கு இருபத்தொரு படி நாலு தடவை, எண்பத்துநாலு. ஏறுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். இது நான் ஏறி முடித்த பிறகு எண்பத்தேழு என்கிறது. மறுநாள் எண்பத்தொன்று. மூன்று படியை யாராவது தினமும் பிடுங்கி வைக்கிறார்களா? போதாததற்கு, “இன்று நீங்கள் குறைவாக நடந்திருக்கிறீர்கள்” என்று பொம்பிளைக் குரலில் ஒரு குத்தல். “நீ ஒரு நாள் இந்தக் காலோட ஏறிப் பாரு தாயி” என்றேன். “மன்னிக்கவும், புரியவில்லை” என்றது. அந்த மரியாதை எனக்குப் பிடித்தது. மனிதர்கள் புரியாததற்கு மன்னிப்புக் கேட்பதில்லை.

தினமும் காலையில் “யாரையாவது அழைக்க வேண்டுமா?” என்று கேட்கிறது. பாப்பா என்கிறேன். போடுகிறது. அவளும் எடுக்கிறாள். நல்லா இருக்கேன்பா, வேலையா இருக்கேன்பா.

அம்மா, பேனாவைக் கீழ வைங்க, இது கடுதாசிக்கு இல்ல. விலாசத்தை அச்சடிச்சு ஒட்டிட்டாங்களாம். ஆபீஸ் முடிவாம். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட்ல நின்னவன்மா நான். ஆறாவது மாடியில புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ். தினம் ஒண்ணா ஏறுவாங்க, ஒண்ணா இறங்குவாங்க. ஒரு வெள்ளிக்கிழமை அந்தம்மா மட்டும் ஏறுச்சு. “சார் படியில வர்றாரு, உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு”ன்னுச்சு. நான் ஒண்ணும் கேட்கல. மூணு மாசத்துல அந்த சார் வேற ஊருக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாரு. இந்த அச்சடிச்ச விலாசமும் படியில வர்ற மாதிரிதான் இருக்கு. எழுதலையே?

(“இல்லை ஐயா” என்று சொல்லிவிட்டேன். – தையற்காரி)

*

ஜூன் 20

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். அலுவலகத்தில் வேலை அதிகம். ஒன்றா இரண்டா என்று நடுவர்களுக்குள் ஒரே வாக்குவாதம். பேட்டரிக்காரர்கள் ஒரு கட்சி, எடைக்காரர்கள் ஒரு கட்சி.

மூன்றாம் நம்பரை அனுப்பியிருக்கிறேன். இதில் கேமரா விசேஷம், மூன்று கண். தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்கிறார்கள். ஒலியைப் பற்றி யாரும் பெரிதாகச் சொல்லவில்லை.

வீட்டில் எல்லாரும் நலம்.

மருமகன்

*

ஜூலை 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் ஒருவன், நலம். அங்கே எல்லாரும் நலம் என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்.

மூன்றாம் நம்பர் தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று எழுதியிருந்ததால் வாளித் தண்ணீரில் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மாடிப்படியில் தானாகவே விழுந்தது, பதினொரு படி. அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்று கண்ணால் தையற்காரம்மாவைப் படம் எடுத்தோம். சுருக்கமெல்லாம் போய் இருபது வயசு ஆகிவிட்டார். “இது என் தங்கச்சி மாதிரி இருக்கு, எனக்குத் தங்கச்சி கிடையாது” என்றார். இருக்கிற முகத்தைக் காட்டாத கேமராவுக்கு ஒரு கண்ணே அதிகம். கேமராக் கட்சிக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் பேச்சு! இதுவரை வந்ததில் இதுபோல ஒன்றில் நான் கேட்டதில்லை. பேசுகிற ஆள் மட்டும் இல்லை, அவர் நிற்கிற இடமும் கேட்கிறது. போன் என்பது பேசத்தான் மாப்பிள்ளை, மற்றதெல்லாம் சட்டையில் உபரியாகத் தைத்துக் கொடுக்கிற பட்டன். இப்போதைக்கு என் ஓட்டு மூன்றாம் நம்பருக்கு.

இதற்குமேல் விரிவாகச் சொல்ல விரும்பவில்லை.

எழுதாதீங்கம்மா. பாப்பாகிட்ட பேசினேன்ல, செவ்வாய்க்கிழமை. நல்லா இருக்கேன்பான்னா. பின்னாடி கம்பிக் கதவு இழுத்துச் சாத்தற சத்தம். லிஃப்டும்மா. பழைய லிஃப்ட், மடக்குக் கதவு. அதனாலதான் உள்ள நின்னு பேசியும் பேச்சு அறுந்துபோகல. சங்கிலிக்குக் கிரீஸ் போட்டு மூணு நாலு மாசம் இருக்கும், முனகிட்டே ஏறுது. அந்த மாதிரி லிஃப்ட் மாடிக்கு ஒம்பது நொடி. அவ பேசிக்கிட்டே இருக்கா, நான் எண்ணிக்கிட்டே இருக்கேன். இருபத்தேழு. நின்னுடுச்சு. மறுபடி கம்பிக் கதவு. சாவிக்கொத்தை எடுக்கிறா, பூட்டைத் திறக்கிறா. மாப்பிள்ளை வீடு தரைத்தளம்மா, வாசல்ல ரெண்டே ரெண்டு படி. எம்பொண்ணு எங்கேயோ மூணாவது மாடியில தனியா பூட்டைத் திறந்துக்கிட்டு, எங்கிட்ட நல்லா இருக்கேன்பாங்கறா.

ஏன் சொல்லலைன்னு எனக்குத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வியாழக்கிழமை, தூறல், மத்தியானம் ரெண்டு மணி. பெட்டியோட வந்து நின்னா. பழுப்புப் பெட்டி, சக்கரம் வச்சது. என்னன்னு கூட நான் கேட்கல. “பெட்டியை உள்ள வைக்காதே”ன்னேன். ஒரு டம்ளர் தண்ணி குடுத்தேன், நின்னுக்கிட்டே குடிச்சா. நானே பெட்டியைத் தூக்கிக்கிட்டு எண்பத்துநாலு படியும் இறங்கினேன். ரெண்டாவது மாடித் திருப்பத்துல இடிச்சு ஒரு சக்கரம் உடைஞ்சுபோச்சு. நாலு பத்து பஸ்ல ஏத்திவிட்டேன். ஜன்னல் வழியா “வரேன்பா”ன்னா. அதுக்கப்புறம் வரும்போதெல்லாம் கைப்பையோடதான் வருவா, காலையில வந்து சாயங்காலம் போயிடுவா. நான் நல்ல காரியம் பண்ணினதா நினைச்சுக்கிட்டிருந்தேன். தப்பும்மா. அந்தப் பெட்டியை நான் உள்ள வாங்கி வச்சிருக்கணும். இதை அவகிட்ட எப்படிச் சொல்றது? வேலையா இருக்கேன்பான்னு வச்சுடறாளே.

எழுதலையே?

(எழுதவில்லை என்றுதான் சொன்னேன். கண் கலங்கியதால் இரண்டு இடத்தில் மை பரவியிருக்கிறது. அது என்னுடையது. – தையற்காரி)

*

ஜூலை 18

தையற்காரம்மா அவர்களுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இது உங்களுக்கு மட்டும். மாமாவிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

அவர் ஊகித்தது சரி. பிப்ரவரி பதினொன்றாம் தேதி அவள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். சண்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். “நான் சொன்னதுல கடைசியா என்ன ஞாபகம் இருக்கு உங்களுக்கு?” என்று கேட்டாள். யோசித்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. அப்போது என் கையில் சோதனைக்கு வந்த போன் இரண்டு இருந்தது. அவள் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, ஒரு வாரத்தில் வீடு பார்த்துக்கொண்டாள்.

அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். “அங்கே போய் இரேன்” என்றதற்கு, “பெட்டியோட ஒரு தடவை போயாச்சு” என்றாள். எனக்கு அப்போது அர்த்தம் புரியவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் காலையில் போனவள் இரவே திரும்பி வந்தபோது, கோபம் தணிந்து வந்துவிட்டாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? மாமாவிடம் சொன்னால் சத்தியம் போகும். சொல்லாவிட்டால் அவர் எண்ணிக்கொண்டே இருப்பார். நீங்கள் தினமும் அவரைப் பார்க்கிறவர். சொல்லுங்கள்.

வணக்கத்துடன்,
லிஃப்டுக்காரர் மருமகன்

*

ஜூலை 27

தம்பிக்கு,

கீழ்த்தளத்துத் தையற்காரி எழுதுவது. நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

யோசனை கேட்டிருக்கிறீர்கள். நான் தைக்கிறவள், பிரிக்கிற வேலை வந்தாலும் தையல் வழியாகத்தான் பிரிப்பேன், துணியைக் கிழிக்க மாட்டேன். சத்தியம் செய்தது அவரிடம் எதையும் சொல்ல மாட்டேன் என்றுதானே? அவளிடம் சொல்ல மாட்டேன் என்று யாரிடமும் சத்தியம் செய்யவில்லையே. அந்த மூன்றாம் நம்பர் கடிதத்தை அவள் கையில் கொடுங்கள். நகல் வேண்டாம், அதையே கொடுங்கள். அதில் அவர் ரேகை இருக்கிறது. பத்திரிகைக்கு நகலை வைத்துக்கொள்ளுங்கள். போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். நேரில் போய்க் கொடுங்கள். கொடுக்கும்போது உங்கள் கை காலியாக இருக்கட்டும்.

பெரியவர் நன்றாக இருக்கிறார். தினமும் சாயங்காலம் மூன்றாம் நம்பரைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்காருகிறார். அவள் அரை நிமிடம் பேசுகிறாள். அரை நிமிடத்தில் என்னென்ன கேட்டது என்று எனக்கு அரை மணி நேரம் சொல்கிறார். போன வாரம் அந்த லிஃப்டுக்குக் கிரீஸ் போட்டுவிட்டார்களாம். நிம்மதியாகத் தூங்கினார்.

இப்படிக்கு,
தையற்காரி

*

செப்டம்பர் 14

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

நலம். முழங்கால் எப்படி?

நாலாம் நம்பர், கடைசி. மூன்றாம் நம்பரைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஆசிரியர் கேட்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போதே நடுவர்களில் நாலு பேர் நாலாம் நம்பர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். காரணம், இது பின்னால் கேட்கும் சத்தம் முழுவதையும் அழித்துவிடுகிறது. நாற்சந்தியில் நின்றுகொண்டு பேசினாலும் பேசுகிறவர் குரல் மட்டும்தான் கேட்கும். இந்த வருடத்தின் பெரிய கண்டுபிடிப்பு இதுதான் என்கிறார்கள். நீங்கள் ஒலியைப் பற்றி எழுதியிருந்ததால் உங்களுக்கும் பிடிக்கும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். நான் எதிர்பார்க்கவில்லை.

தையற்காரம்மாவுக்கு ஒரு வரி: நீங்கள் சொன்ன துணியை ஆகஸ்டிலேயே உரியவர் கையில் நேரில் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். அளவு சரியாக இருக்கிறதா என்று இன்னும் ஒரு வார்த்தை இல்லை.

மருமகன்

*

அக்டோபர் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசீர்வாதம். நான் நலம் என்றுதான் சொல்ல வேண்டும். உங்கள் நலம் வேண்டும். தையற்காரம்மாவிடம் என்ன துணி, யாருக்கு என்று கேட்டேன். “உங்களுக்கு ஏன் ஐயா, அது பொம்பிளைத் துணி” என்று வாயை அடைத்துவிட்டார்.

நாலாம் நம்பர் பற்றி. உங்கள் நாலு நடுவர்களுக்கும் வணக்கம். அவர்கள் படித்தவர்கள். நான் கேட்கிற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லட்டும்.

பாப்பாவுக்குப் போட்டேன். குரல் வந்தது. கண்ணாடி மாதிரிக் குரல். அதைச் சுற்றி ஒன்றுமே இல்லை. கதவு இல்லை, சாவி இல்லை, தெரு இல்லை. பஞ்சில் பொதிந்து அனுப்பிய மாதிரி ஒரு ‘நல்லா இருக்கேன்பா’. நான் முப்பத்தொரு வருடம் மனிதர்களுக்கு முதுகு காட்டி நின்று வேலை பார்த்தவன். லிஃப்டுக்காரன் திரும்பிப் பார்க்கக்கூடாது. பின்னால் செருப்புத் தேய்வதை வைத்து, பெருமூச்சை வைத்து, காகிதத்தைச் சுருட்டுகிற சத்தத்தை வைத்துத்தான் யார் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். ஐந்தாம் மாடிக்குப் போகிற ஒருத்தர் தினமும் “குட் மார்னிங்” என்று கணீரென்று சொல்வார். ஒரு நாள் அதே கணீர். ஆனால் கையில் இருந்த பை கிடுகிடுவென்று ஆடுகிற சத்தம் கேட்டது. ஐந்தில் நிறுத்தாமல் முதலுதவி அறை இருந்த ஏழுக்குக் கொண்டுபோனேன். பிழைத்தார். நாலாம் நம்பர் லிஃப்ட் ஓட்டியிருந்தால் “குட் மார்னிங்” மட்டும் கேட்டு ஐந்தில் இறக்கிவிட்டிருக்கும்.

வாயால் சொல்வது அடுத்தவர் கேட்பதற்காகச் சொல்வது. பின்னால் இருக்கிறதுதான் நடப்பது. அதை அழிப்பதற்கு ஒரு கருவியா? அதற்கு ஒரு பரிசா? கடைசி வரைக்கும் என் ஓட்டு மூன்றாம் நம்பருக்கு. ஒற்றை ஓட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

அம்மா, இதை எழுதாதீங்க. மூணாம் நம்பரைத் திருப்பி அனுப்பினது, ரெண்டாவது தடவை அவளை பஸ் ஏத்திவிட்ட மாதிரி இருக்கு.

(எழுதிவிட்டேன். – தையற்காரி)

*

நவம்பர் 15

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

நலம். நேற்று வாக்கெடுப்பு முடிந்தது. ஆண்டின் சிறந்த கைபேசி நாலாம் நம்பர். நாலுக்கு இரண்டு. மூன்றாம் நம்பருக்கு விழுந்த இரண்டு ஓட்டில் ஒன்று உங்களுடையது. இன்னொன்று என்னுடையது. உங்கள் அறிக்கையை ஆசிரியர் இரண்டு தடவை சத்தமாக வாசித்தார். பிறகு நாலு பேரும் நாலாம் நம்பருக்குக் கை தூக்கினார்கள். சந்தையில் நின்று பேசுகிறவர்கள்தான் அதிகம் என்றார்கள். அதுவும் பொய் இல்லை.

உங்கள் மாற்றுக் கருத்தை ‘எழுதாதீங்க’ என்று நீங்கள் சொன்ன இடம் வரை அப்படியே அச்சிடுகிறோம். அச்சிட ஒப்புதல் என்று ஒரு வரியும் கைரேகையும் வேண்டும்.

மேலே ‘எழுதாதீங்க’ என்று வரும் வரியைத் தையற்காரம்மா படிக்காமல் தாண்டிவிடுவார் என்று நம்புகிறேன்.

மருமகன்

*

நவம்பர் 29

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். ஒருத்தரே சமைத்து ஒருத்தரே சாப்பிட்டால் உடம்பு இளைக்கும்.

அச்சிட எனக்குச் சம்மதம். தோற்றதில் வருத்தம் இல்லை. நாலுக்கு இரண்டு மோசம் இல்லை. ஒரு லிஃப்டில் ஆறு பேர் ஏறினால் இரண்டு பேர் இறங்குகிற மாடியிலும் நிறுத்தத்தான் வேண்டும்.

மூன்றாம் நம்பருக்கு நான் ஓட்டுப் போட்டது சரிதான் என்பதற்கு இன்னும் ஒரு சாட்சி சேர்ந்திருக்கிறது. அச்சில் வராவிட்டாலும் பரவாயில்லை. போன சனிக்கிழமை பகல் பதினொன்றரை. வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். கீழே படியில் ஒரு சத்தம். டக், சர்ர். டக், சர்ர். ஒரு சக்கரம் உருள்கிறது, ஒரு சக்கரம் இல்லை. அந்தச் சக்கரத்தை உடைத்தவன் நான். எனக்குத் தெரியாதா? முழங்கால் என்ன சொல்லிற்று என்று கேட்க நேரமில்லை. இரண்டு மாடி இறங்கினேன். எந்தத் திருப்பத்தில் உடைந்ததோ அதே திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். “போன் பண்ணிட்டு வரலாம்னு பார்த்தேன்பா” என்றாள். “அதான் சத்தம் வந்துடுச்சே” என்றேன். பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். “கனம்பா, வைங்க” என்றாள். மீதி நாற்பத்திரண்டு படியும் நான்தான் தூக்கினேன். உள்ளே கொண்டுபோய் வைத்தேன். நாலாம் நம்பராக இருந்தால் அந்த டக், சர்ரை அழித்திருக்கும். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஏன் வந்தாய், எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. தன் மூன்றாவது மாடி வீட்டைப் பூட்டிய சாவியை அவள் நேற்று என் ஆணியில் மாட்டியிருக்கிறாள்.

நிற்க. இந்தக் கடிதத்தை எழுதுவது தையற்காரம்மா இல்லை. உறையைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வேறு விசேஷம் இல்லை. நீங்கள் வருவதாக இருந்தால் நாலு மாடி ஏறித்தான் வர வேண்டும்.

பாப்பா, இந்தக் கடைசி வரியை அடிச்சுடு. வரச்சொன்ன மாதிரி ஆயிடும். அது நீ சொல்லவேண்டியது, நான் சொல்லக்கூடாது. அந்தம்மா நான் எழுதாதேன்னா எழுதாது. நீயும் எழுதமாட்டேல்ல?

(“மாட்டேன்பா” என்று சொல்லியிருக்கிறேன். ஜூலைக் கடிதம் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அப்பாவுக்குத் தெரியாது. நாலு மாடி ஏறி வரச் சொன்னது அப்பா. நான் இன்னும் சொல்லவில்லை.)